மலையின்மேல் குற்றமுண்டோ?

காலடி மண் உறுதியானது என்னும் நம்பிக்கையின்மீதே நாம் வீடு கட்டுகின்றோம், பாலம் அமைக்கின்றோம், நாளைக்கென்று தானியம் சேர்த்து வைக்கின்றோம். அந்நம்பிக்கை எத்தன்மையது என்பதை நியூசிலாந்தின் வடதீவு நமக்குக் காட்டுகின்றது.

அத்தீவின் கிழக்கே, பசிபிக் கடலின் அடித்தட்டு ஆஸ்திரேலியத் தட்டின் கீழே சரிந்து இறங்குகின்றது. இறங்கும் பாறை தன்னுள் அடங்கிய நீரை ஆழத்தில் வெளிவிடுகின்றது. அந்நீர் கலந்தவுடன், மேலே உள்ள சூடான பாறையின் உருகுநிலை தாழ்ந்து பாறைக்குழம்பு பிறக்கின்றது. டோங்காவிலிருந்து கெர்மடெக் வழியாகத் தெற்கே வரும் எரிமலை வளைவு தோன்றியதற்குக் காரணம் இதுவே. அவ்வளைவின் தென்கோடியாகிய டௌப்போ வட்டாரத்தில் ஒரு விந்தை உண்டு. தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கும் எல்லைக்கு அருகிலேயே நிலம் பிளந்து இருபுறமும் விலகுகின்றது. விலகுவது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே; ஆயினும் இடைநிலம் மெலிந்து தாழ, குழம்பு எளிதில் மேலெழுகின்றது. 1886 ஜூன் 10 அன்று டாரவேரா மலை உள்ளிட்ட நிலம் 17 கிலோமீட்டர் நீளம் பிளந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதைக் கேட்ட ஒருவர், “தோன்றியவை யாவும் அழியும், மலையும் தன் காரணத்தால் வெடிக்கின்றது, இதில் யார்மேல் குற்றம்?” என்று வினவலாம். மலைமேல் குற்றமில்லை என்பது மெய். ஆனால் அத்துடன் விசாரணை முடிந்துவிடுமோ?

1953 டிசம்பர் 24 இரவு நிகழ்ந்ததை எண்ணுவோம். ருவாபெஹு மலையுச்சியின் ஏரியை 1945ஆம் ஆண்டு வெடிப்பில் குவிந்த சாம்பற்கரை தடுத்து நின்றது. அன்று எரிமலை வெடிக்கவில்லை, கரைதான் உடைந்தது. சேற்றுவெள்ளம் வாங்கஎஹு ஆற்றில் இறங்கி, டாங்கிவாய் இரயில் பாலத்தைச் சிதைத்தது. சிறிது நேரத்தில் அங்கே வந்த இரயில் ஆற்றில் வீழ்ந்து 151 பேர் இறந்தனர். அவ்வாற்றில் முன்னரும் சேற்றுவெள்ளம் வந்ததுண்டு. எனினும் கரை உடைந்த செய்தியைப் பாலத்திற்கு அறிவிக்க ஓர் ஏற்பாடும் இல்லை. அவ்வழியே வந்த சிரில் எல்லிஸ் என்னும் அஞ்சல் ஊழியர் கையில் விளக்கேந்தி இருப்புப்பாதை வழியே ஓடி இரயிலை நிறுத்த முயன்றார். அன்றிருந்த ஒரே எச்சரிக்கை ஒரு தனிமனிதனின் கருணைதான்.

1995, 1996ஆம் ஆண்டுகளின் வெடிப்புகளால் அதே ஏரிக்கு மீண்டும் ஒரு கரை அமைந்தது. அதனை வெட்டிவிடலாம் என்றனர் சிலர். மாவோரி மக்கள் புனிதமாகப் போற்றும் அச்சிகரத்தைக் குலைத்தல் ஆகாது என்றனர் வேறு சிலர். முடிவில் மலையை அதன் போக்கில் விட்டு, கரை உடைந்தால் உடனே அறிவிக்கும் கருவிகளை அமைத்தனர். 2007 மார்ச் 18 அன்று கரை உடைந்தது. சாலையும் இருப்புப்பாதையும் அடைக்கப்பட்டன. வெள்ளம் வந்து போயிற்று, ஓருயிரும் போகவில்லை.

மலை ஒன்றே, ஆறும் ஒன்றே. மாறியது மனிதரின் விழிப்பு. விளைவு ஒன்றிற்குக் காரணங்கள் பல. அவற்றுட் சில பாதாளத்தில் உள்ளன. சில நம் கையில் உள்ளன. முன்னதைக் காட்டிப் பின்னதை மறப்பது ஞானமன்று. சோம்பலுக்கு ஞானத்தின் ஆடையை உடுத்துவதாகும். நிலையாமையை உணர்ந்தவன் கைகட்டி நில்லான், பிறருக்காக விழித்திருப்பான். நம் ஊரிலும் கரைகள் உண்டு, பாலங்கள் உண்டு. அவற்றை நாம் காத்து நிற்கின்றோமா என்பதே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.