சுவை எங்கே பிறக்கிறது?

கதைகளில் வரும் உணவைப் பற்றிப் படிக்கையில் நாவூறாதவர் அரியர். கதைமாந்தர் உண்டதை நாமும் சமைத்து உண்டு பார்க்க வேண்டும் என்னும் ஆவல் பலருக்கு எழுவதுண்டு. பிரான்செஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதி 1911 இல் நூலாக வெளிவந்த 'இரகசியத் தோட்டம்' என்னும் ஆங்கில நாவல் அத்தகைய ஆவலைத் தூண்டுவது. அதில் வரும் உணவுகளைத் தழுவி ஏமி காட்லர் என்பவர் 1999 இல் ஒரு சமையல் நூலே எழுதினார். செய்முறையைக் கொண்டு அந்த உணவை மீண்டும் ஆக்கிவிடலாம். அந்தச் சுவையையும் ஆக்கிவிட முடியுமா? அவ்வாறாயின் சுவை எங்கே பிறக்கிறது? நாவைப் பற்றியதுபோல் தோன்றினும், இது அறத்தைப் பற்றிய கேள்வியே.

கதையின் நாயகி மேரி, இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயச் சிறுமி. காலராவில் பெற்றோர் மாண்டபின், யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் மாமனின் மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள். பணிப்பெண் மார்த்தா கொணரும் ஓட்ஸ் கஞ்சியை அவள் வேண்டாமென ஒதுக்குகிறாள். வெளிக்காற்றில் ஓடியாடிச் சில நாள்கள் கழிந்தபின் அதே கஞ்சியை வழித்து உண்கிறாள். கஞ்சி மாறவில்லை; உண்பவள் மாறிவிட்டாள்.

'பசி ருசி அறியாது' என்று நம் முன்னோர் சொன்னதுதானே என நாம் இத்துடன் அமைந்துவிடக்கூடும். ஆனால் மார்த்தா நம்மை அமையவிடுவதில்லை. பசியோடு உணவும் கிடைத்திருப்பது மேரியின் நற்பேறு என்கிறாள் அவள். தன் வீட்டிலோ பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பசி உண்டு, வயிற்றில் இடுவதற்கு எதுவுமில்லை என்கிறாள். உழைத்துக் களைத்தவனின் பசி வேறு. இல்லாதவனின் பசி வேறு. முன்னது உணவுக்குச் சுவையூட்டும். பின்னது உயிரையே அரிக்கும். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பசியைப் புகழ்வது, உண்டு நிறைந்தவர்க்கு எளிதான பிழையாகும்.

இளவேனில் வருகிறது. மேரியும், நோயாளியென ஒதுக்கப்பட்டிருந்த மாமன் மகன் காலினும், மார்த்தாவின் தம்பி டிக்கனும் பூட்டிக் கிடந்த தோட்டத்தில் மறைவாகப் பாடுபடுகின்றனர். காலின் நலமடைந்து வருவதைப் பிறர் அறியாதிருக்க, மாளிகையில் குழந்தைகள் பசியில்லாதவர்போல் உணவைத் திருப்பியனுப்ப வேண்டியதாகிறது. இதையறிந்த டிக்கனின் தாய், ஆடை படிந்த புதுப்பாலும் உலர்திராட்சை இட்ட பன்களும் கொடுத்தனுப்புகிறார். அவ்வீட்டுத் தந்தையின் வாரக்கூலி பதினாறு ஷில்லிங். உண்பவரோ பதினான்கு பேர். கணக்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பென்னிக்கும் குறைவு. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏழை வீட்டு அடுப்பு ஊட்டியது!

ஏழையின் ஈகையை வியந்து பாராட்டிவிட்டு அதிலேயே பசியாறிக்கொள்வது உலகில் புதிதன்று. இக்கதையிலோ குழந்தைகள் கணக்குப் பார்க்கின்றனர். பதினான்கு வாய்களுக்குரிய உணவில் தாங்களும் கைவைப்பது தகாதென உணர்ந்து, தங்கள் ஷில்லிங்குகளை அந்தத் தாய்க்கு அனுப்ப முன்வருகின்றனர். டிக்கன் காட்டில் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்து, கற்களால் அடுப்பமைத்து, உருளைக்கிழங்கும் முட்டையும் சுடலாம் என்கிறான். அவற்றை விலைகொடுத்து வாங்கலாம். பிறர் வாயிலிருந்து பறித்தோம் என்னும் உறுத்தலின்றி வயிறார உண்ணலாம்.

செய்முறையோ மிக எளிது. கழுவிய கிழங்கைத் தோலோடு தணலில் புதைத்து, உள்ளே மெத்தென்றாகும்வரை ஒரு மணி நேரமளவு விட வேண்டும். முட்டை வெடிக்காதிருக்க அதன் அகன்ற முனையில் ஊசியால் சிறு துளையிட்டு, சுடுசாம்பலில் வைக்க வேண்டும். சூடான கிழங்கைப் பிளந்து உப்பும் புதுவெண்ணெயும் சேர்த்தால் போதும். இதைவிடச் சிக்கனமான விருந்து எது? எனினும் நாவலிலேயே இதுதான் அரச விருந்துபோல் இனிக்கிறது. உழைப்பு பசியைத் தந்தது; தோழமை உடனிருந்தது; யாரையும் பட்டினியிடவில்லை என்னும் தெளிவு அதை நிறைவாக்கியது. இம்மூன்றாவது பொருளை எந்தச் சமையல் நூலும் அளவு குறித்து எழுத முடியாது.

குழந்தைகள் உண்ணும் இன்பத்தில் அறத்தைப் புகுத்தி அதைக் கசப்பாக்கலாமா எனச் சிலர் வினவலாம். குழந்தைகள் கணக்குப் பார்த்ததால் அவர்தம் இன்பம் குறைந்ததா? இல்லை, அதன் பிறகுதான் அவர்கள் தயக்கமின்றி உண்டனர்.

உண்ணுமுன் நன்றி சொல்லும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. இவ்வுணவு யாருடைய கையால், யாருடைய கலத்திலிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம். வீட்டில் சமைப்பவர் கடைசியில் எஞ்சியதை உண்கிறாரா, காய்கறி விற்கும் பெண்ணிடம் பேரம் பேசி நாம் குறைத்த காசு எவர் வயிற்றிலிருந்து போயிற்று என்று எண்ணிப் பார்ப்போம். அக்கேள்விக்கு நேர்மையாக விடையிறுக்கும் இல்லத்தில் உப்பிட்ட கிழங்கும் விருந்தாகும்.