உள்ளங்கால்

சாரல் மதியமே விட்டுவிட்டது. மேற்கே மலை இன்னும் மேகத்துக்குள்தான் இருக்கிறது. காற்று மட்டும் ஈரத்தோடு சுந்தரபாண்டியபுரம் வரை வந்து திண்ணையைத் தொடுகிறது. அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். "கொஞ்சம் பிடிச்சு விடுளா, உளையுது" என்கிறாள்.

நாற்றும் களையுமாக நாற்பது வருஷம் சேற்றில் நின்ற கால். குதிகாலில் பித்தவெடிப்பு. வெடிப்புக்குள் படிந்த கறை எத்தனை தேய்த்தாலும் போகாது. இரண்டாம் விரலில் மெட்டி பதிந்த பள்ளம். கழற்றி ஆறு வருஷமாகியும் அது மேடாகவில்லை.

*

பாதத்தில் புள்ளி பார்த்து அழுத்துகிற ரிஃப்ளெக்ஸாலஜியின் படத்தில், மெட்டி போட்ட அந்த விரலின் அடி கண்ணுக்குரிய இடம். பெருவிரல் தலைக்கு. விரல்களுக்குக் கீழுள்ள மேடு நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும், குழிவு வயிற்றுக்கும் குடலுக்கும், உள்ளோரம் முதுகெலும்புக்கும். கல்லீரல் வலது பாதத்தில், இதயம் இடது பாதத்தில். ஆள் முழுவதையும் மடித்து இரண்டு பாதங்களுக்குள் வைத்தது மாதிரி இருக்கும் அந்தப் படம்.

அமெரிக்காவில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் உடம்பை நெடுக்கில் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917இல் புத்தகம் போட்டார். அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, விரலால் அழுத்தி அழுத்திக் குறித்தவர் யூனிஸ் இங்காம். அவர் புத்தகம் 1938இல் வந்தது. நம் பக்கத்து வர்மம் வேறு மரபு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இரண்டுக்குமே மரியாதை இல்லை.

பாதத்தின் ஒரு புள்ளி கல்லீரலோடு பேசுகிறது என்பதற்கு உடற்கூற்றியலில் ஆதாரம் கிடையாது. அழுத்திப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கலாம், தீர்க்கலாம் என்பதையும் ஆய்வுகள் நிறுவவில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்குப் பதற்றமும் வலியும் சற்றுத் தணிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் இதைத் துணைச் சிகிச்சை என்கிறோம். அம்மாவின் சுகர் மாத்திரை வேளை தவறாமல் நடக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் என் கைக்கு இடம்.

சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நிற்கிறார்கள். எந்தப் புள்ளி எந்த உறுப்புக்கு என்று தேய்த்துவிடுகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. உடம்பு லேசாகிறது, அது போதுமாக இருக்கிறது.

*

போன மாசம் ஒரு ராத்திரி. கட்டைவிரலை மடக்கி மடக்கி, புழு ஊர்கிற மாதிரி, குழிவிலிருந்து மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பெருவிரலுக்குக் கீழே ஏதோ தட்டியது. விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கருவேல முள், ஒடிந்து உள்ளே கிடந்தது. சுற்றிலும் சிவந்து, லேசாகச் சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாளாயிற்றோ. "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாள் அம்மா. சுகரால் பாதம் மதமதத்துப் போயிருந்தது. மறுநாள் காலையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அந்த முள்ளுக்குப் பிறகு படத்தைவிடப் பாதத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். மரக்குச்சி வைத்து அழுத்துவதை விட்டுவிட்டேன். வலி தெரியாத காலில் எது அதிகம் என்று காலே சொல்லாது. புண், எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டி என்று இருந்தால் கையே வைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும்.

*

வெதுவெதுப்பான தண்ணீர். சூட்டை என் முழங்கையை விட்டுப் பார்க்கிறேன், அவள் பாதத்துக்குத் தெரியாது. கழுவி, துடைத்து, மெதுவாக அழுத்தி, கடைசியில் குதிகாலுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். விரலிடுக்கில் எண்ணெய் படவிடுவதில்லை. ஈரம் நின்றால் அங்கே புண்ணாகும்.

அம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். பழைய சேலைத் துணியால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கிறேன். இடது சுண்டுவிரல் பாக்கி இருக்கிறது.