மறந்தவரும் மறவாதவனும்

நித்திய திருவாராதனமும் திருப்பாவை அநுஸந்தானமும் வாழ்நாள் முழுதும் வழுவாது நடத்திவந்த பெரியோர் சிலர், முதுமையில் பெற்ற மக்களையே அடையாளம் அறியாது மயங்குகின்றனர். நாவில் நின்ற திருநாமமும் நழுவுகிறது. அத்தகைய இல்லங்களில் இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. நினைவு அனைத்தும் போனபின் இவர் பழைய அவர்தாமா? அந்திம காலத்தில் எம்பெருமானை நினைக்கமாட்டாத இவருடைய கதி யாது?

1901-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநோய் விடுதியில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். தம் பெயரை எழுதத் தொடங்கி, முடிக்குமுன் மறந்துபோனார். தம்மையே இழந்துவிட்டதாக அவர் சொன்னதை மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் குறித்துவைத்தார். அப்பெண்மணி 1906-இல் காலமானபின் அவரது மூளையை ஆராய்ந்து, அல்ஸைமர் அவ்வாண்டே தம் முடிவை அறிவித்தார். 1910 முதல் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. 2021-ஆம் ஆண்டில் டிமென்ஷியாவுக்கு ஆட்பட்டோர் உலகெங்கும் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஒருவனுடைய நினைவு எதுவரை எட்டுமோ அதுவரையே அவன் அதே மனிதன் என்னும் கருத்தை ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் லாக் 1694-இல் வெளியிட்டார். இதனை ஏற்பின், நினைவிழந்தவர் உயிரோடிருக்கும்போதே இல்லாதவராகிவிடுவார். ஆயின் அந்த ஃபிராங்க்ஃபர்ட் பெண்மணியின் சொல்லைச் சற்றே சிந்திக்கவேண்டும். தம்மை இழந்ததாகச் சொல்லி வருந்தியவர் யார்? இழப்பை உணர்வதற்கு ஒரு 'நான்' எஞ்சியிருந்ததன்றோ?

பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டிய பொருள் இவ்விடத்தில் துணைசெய்கிறது. 'நான்' என்று தனக்குத்தானே தோன்றுவதே ஆத்மா. ஆழ்ந்த உறக்கத்தில் ஒன்றையும் அறியாதவன், விழித்தெழுந்து, சுகமாக உறங்கினேன் என்கிறான். அறிவு ஒடுங்கிய போதும் 'நான்' அழியவில்லை. ஆத்மாவுக்குக் குணமாயுள்ள தர்மபூத ஞானம், விளக்கின் ஒளி போலச் சுருங்கவும் விரியவும் வல்லது. நினைவு அதன் ஒரு நிலையே. குடத்தினுள் வைத்த விளக்கின் ஒளி வெளியே வாராது. அதனால் விளக்கு அணைந்ததாகாது. நோயுற்ற மூளை அக்குடம் போன்றது.

இரண்டாவது ஐயம் இன்னும் கூரியது. இறுதியில் எதனை நினைக்கிறானோ அதனையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறதே! இவ்வச்சத்தை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். அந்திமத்தில் நினைக்க இயலாமற்போகும் என்றெண்ணிப் பெரியாழ்வார் தெளிவுள்ள காலத்திலேயே அரங்கனிடம் விண்ணப்பம் செய்துகொண்டார். பூமிப் பிராட்டிக்கு வராஹப் பெருமாள் அருளிய சரம சுலோகம் அவ்விண்ணப்பத்துக்கு விடை போல் அமைந்துள்ளது. உடலும் உள்ளமும் நலமாயிருந்த காலத்தில் தன்னை நினைத்த பக்தன், கட்டையும் கல்லும் போல் கிடக்கும் காலத்தில், அவனைத் தானே நினைத்து நற்கதி சேர்ப்பதாகப் பெருமான் உறுதி கூறுகிறான். நினைக்கும் பொறுப்பு அடியவனிடமிருந்து ஆண்டவனிடம் சென்றுவிடுகிறது. ஸ்வாமி தேசிகன் இச்சுலோகத்தின் பொருளை விளக்கவே 'ரஹஸ்ய சிகாமணி' என்னும் நூலை அருளிச்செய்தார்.

இத்தேறுதலால் இல்லத்தாரின் பாரம் குறைந்துவிடாது. ஒரே கேள்விக்குப் பத்து முறை விடை கூறுவதும், இரவெல்லாம் கண்விழித்துக் காப்பதும் எளிதன்று. பாரம் பெரிதாகையால் அதனை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தலாகாது, உற்றாரும் பங்குகொள்ளவேண்டும். அவர் முன்னிலையிலேயே அவரை இல்லாதவர் போல் பேசுவது அபசாரம். 'நான் யார், சொல்லுங்கள்' என்று சோதிப்பதும் தகாது. 'அப்பா, உங்கள் பிள்ளை வந்திருக்கிறேன்' என்று தன்னைத் தெரிவித்துக்கொள்வதே முறை. அண்மை நினைவுகள் முதலில் அழிய, இளமை நினைவுகள் நெடுநாள் நிற்பது இந்நோயின் இயல்பு. ஆதலின் சிறுவயதில் சந்தையில் பயின்ற பாசுரத்தை அருகிருந்து சேவித்தால், பேச்சொழிந்தவரும் சில வேளை உடன் சேவிக்கக்கூடும். அவ்வாறு நிகழாவிடினும் குறையில்லை; கேட்பித்ததும் கைங்கரியமே.

சடாரி சாதிக்கும் அர்ச்சகர், நினைவிருக்கிறதா என்று எவரையும் வினவுவதில்லை. குனிந்த தலைகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. சந்நிதிக்கு வரமாட்டாதவர் வாயிலுக்கும் எம்பெருமான் வீதிப் புறப்பாட்டில் தானே எழுந்தருளுகிறான். அந்நேரத்தில் அப்பெரியவர்களைக் கைப்பிடித்துத் திண்ணையில் அமர்த்துவது இல்லத்தார் கடமை. அவர்கள் அவனை அறியாதிருக்கலாம். அவன் அவர்களை அறிவான்.