பனியாற்றின் சந்நிதியில்



சென்ற கோடை விடுமுறையில் எமது சங்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து அலாஸ்காவிலுள்ள கிளேசியர் பே என்னும் குடாவுக்குச் சென்று வந்தோம். வெளியூரிலிருந்து அங்கே தெருப்பாதை கிடையாது. கப்பலில் அல்லது விமானத்தில்தான் போகவேண்டும். குடாவின் கோடியில் மார்ஜரி என்ற பனியாறு கடலைத் தொடுகிறது. மலையிலே ஆண்டாண்டாகப் பெய்த பனி, தன் பாரத்தாலேயே இறுகி, 30 கிலோமீற்றருக்கு மேல் ஊர்ந்து வந்து, நீலச் சுவராக நிற்கிறது.

அச்சுவரின் ஒரு பகுதி இடிமுழக்கத்துடன் கடலில் விழுந்தது. நாம் கைதட்டினோம். "இன்னும் விழு!" என்று பிள்ளைகளோடு பெரியவர்களும் கூவினோம்.

பின்னர்தான் அந்த மண்ணுக்குரிய ஹூனா டிலிங்கிட் மக்களின் வரலாற்றை அறிந்தோம். முன்னொரு காலத்தில் அங்கே அவர்களுடைய வீடுகள் இருந்தன. ஒரு சிறுமி விளையாட்டாக, நாயை அழைப்பதுபோலப் பனியாற்றை அழைத்தாளாம். அது வந்தது. ஊரார் தோணிகளில் ஏறி வெளியேறினர். ஒருத்தி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டாள். 1750 அளவில் பனி அக்குடாவை மூடியிருந்தது என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். 1879இல் ஜோன் மூயர் வந்தபோது அது 60 கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கியிருந்தது.

இதைக் கேட்டதும் நாம் தலைகுனிந்தோம். ஒரு குலம் வீடிழந்த இடத்திலே நின்றல்லவா ஆரவாரம் செய்தோம்! ஊரைவிட்டு வந்த வலியை அறிந்த எமக்கே அது தோன்றவில்லை.

2016இல் அம்மக்கள் தோணிகளில் திரும்பி வந்து, அக்கரையிலே தம் முன்னோருக்காக ஒரு குலமனையைத் திறந்துவைத்தார்கள். வந்த நாட்டில் கோயில் எழுப்பிய எமக்கு அந்த மகிழ்ச்சி நன்கு விளங்கும்.

அதே குடாவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்னும் கிளைக்குள் மே, ஜூன் மாதங்களில் எந்தப் படகும் நுழையக்கூடாது. மிதக்கும் பனிக்கட்டிகளின் மேல் சீல்கள் குட்டி ஈனும் காலம் அது. கருவறை வாசலில் நாம் நின்றுவிடுவதில்லையா? அதுபோலத்தான்.

மெய்யடியார்களே, இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று நாள்தோறும் சொல்கிறோம். அப்படியானால் எமது கோபுர வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றி, பிறர் புனிதமாகப் போற்றும் இடத்தில் கூச்சலிடுவது எப்படித் தகும்? இனி எங்கு சென்றாலும், படம் எடுக்குமுன் ஒரு கணம் கைகூப்பி நிற்போம். "இது யாருடைய வீடு?" என்று கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.

எல்லாம் வல்ல எம்பெருமான் அருள் புரிவாராக.

சிவசிவ!