முத்து எடுத்த பிறகு

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அலுவலக விழாவில் மேடையேறி ஐந்து நிமிடம் பேசினேன். சிப்பிக்குள் ஒரு மணல் துகள் நுழைகிறது, உறுத்துகிறது, சிப்பி அந்த வலியையே முத்தாக்கிவிடுகிறது. என் அத்தை மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரினார். அந்த வலியில் விளைந்த முத்துதான் இன்று உங்கள் முன்னால் நிற்கிற இஞ்சினியர். இவ்வளவுதான் பேச்சு. நல்ல கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது, மறைப்பானேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தங்கச்சி அந்த வீடியோவை அத்தைக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். முழுசாகப் பார்த்தார். "நல்லாத்தான் பேசுற" என்றார். அரிசியைப் புடைத்து முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டா, முத்த எடுத்தப்புறம் அந்தச் சிப்பி என்னாவும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. மேடையில் முழங்கியவனுக்குத் தெரியாது.

எங்கள் கரையில் முத்து கிடையாது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். பெருமை அந்த மட்டும்தான். மற்றபடி உப்பு. முத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். அங்கேயும் நம் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பிறகு, 1973 ஜூலையில், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி இந்தியாவிலேயே முதன்முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக்காட்டினார். 1981இல் சிப்பிக் குஞ்சுகளையே அங்கே பொரிப்பகத்தில் உண்டாக்கிவிட்டார்கள். அந்த முறையைப் பற்றிப் படித்தபோதுதான் என் பேச்சு ஒவ்வொரு வரியாக உதிர ஆரம்பித்தது.

முதலில், மணல் துகள் கதையே பொய். கடலடியில் வாழ்கிற ஜீவன் மணலை வெளியே தள்ளத் தெரியாமலா இருக்கும்? இயற்கை முத்து பெரும்பாலும் ஒரு ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ தொடங்குகிறது. வளர்ப்பு முத்தில் அந்தக் காயத்தை நாம் போடுகிறோம். மென்தால் கலந்த நீரில் சிப்பியை மயங்க வைக்கிறார்கள். வாய் திறந்ததும் சதையில் ஒரு கீறல். இன்னொரு சிப்பியைக் கொன்று, அதன் ஓட்டை ஒட்டியிருக்கும் சதை மடிப்பிலிருந்து வெட்டிய சின்னத் துண்டையும், வட்டமான ஒரு மணியையும், இனப்பெருக்க உறுப்பு இருக்கும் இடத்துக்குள் சேர்த்துச் செருகுகிறார்கள். அந்த மணி பெரும்பாலும் அமெரிக்க ஆற்றுச் சிப்பியின் ஓட்டைக் கடைந்து எடுத்தது. இரவல் சதை வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாகி, படலம் படலமாகப் பூச ஆரம்பிக்கிறது. சில சிப்பிகள் மணியைத் துப்பிவிடும். சில செத்துப்போகும்.

தூத்துக்குடிச் சிப்பி சின்னது. ஜப்பானிய அகோயா முத்தைத் தருவதும் அந்த வகைதான். இந்த முத்து 10 மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பெரும்பகுதி உள்ளே இருக்கும் மணிதான், மேலே மெல்லிய பூச்சு. சிப்பியின் வேலை முடிந்தது. முத்தோடு அதன் உயிரும் போகும். பெரிய முத்து வேண்டுமென்றால் பெரிய சிப்பி வேண்டும். தென்கடல் முத்து என்று நகைக்கடைக்காரர்கள் சொல்வது, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் வாழும் தட்டு அகலச் சிப்பியிலிருந்து வருவது. மேற்கு ஆஸ்திரேலியாவின் குரி பே என்ற இடத்தில் 1956இல் அதன் முதல் ஆஸ்திரேலியப் பண்ணை தொடங்கியது. முத்து சாதாரணமாக 9 முதல் 16 மில்லிமீட்டர் இருக்கும். வெள்ளை, வெள்ளி, பொன்னிறம். பூச்சும் தடிமன். அகோயாவின் கண்ணாடிப் பளபளப்பு இதில் இருக்காது. உள்ளேயிருந்து கசிவது போல மென்மையான ஒளி. படத்தில் பார்த்தே எனக்கு ஆசை வந்தது.

இந்தப் பெரிய சிப்பியை உடனே கொல்வதில்லை. இரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்க்கிறார்கள். முத்து நன்றாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, அதே பையில் முன்னதைவிடப் பெரிய மணியை வைத்து மறுபடி கடலில் விடுகிறார்கள். அதிலும் நன்றாக வந்தால் இன்னும் பெரிய மணி. நன்றாக வராததைச் சதைக்கும் ஓட்டுக்கும் அறுத்துவிடுவார்கள். அப்ரைசல் என்ற வார்த்தையை வருடா வருடம் கேட்கிற எவருக்கும் இதைப் படிக்கும்போது வயிற்றில் என்னவோ செய்யும். எனக்குச் செய்தது.

சிப்பிக்கு வலிக்குமா? அதற்கு மூளை கிடையாது, சில நரம்பு முடிச்சுகள் மட்டும். வலி என்று நாம் சொல்வது அதற்கு இல்லாமலே இருக்கலாம். அது பூசுகிற பூச்சும் முத்துக்கென்று தனியாகச் செய்ததல்ல; தன் ஓட்டின் உட்சுவருக்கு நாள்தோறும் பூசுவதைத்தான் மணிக்கும் பூசுகிறது. ஆக, வலிக்கிறதா என்றே தெரியாத ஒன்றிடமிருந்து ஒரு வலிக்கதையைக் கடன் வாங்கி, வலித்தது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒருவர் மேல் போர்த்தியிருக்கிறேன். சொல்லச் சொல்லி அவரைக் கேட்கவும் இல்லை.

அடுத்த முறை போனபோது இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். நல்ல முத்து தந்த சிப்பிக்குப் பெரிய மணி என்றதும் சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் உனக்காவா உப்பு வாருனேன்? கூலிக்கு வாருனேன். உப்பு லாரி ஏறிப் போச்சு. கூலியில உனக்குக் கொஞ்சம் குடுத்தேன். குடுக்காமயும் இருந்திருக்கலாம், உங்க மாமன் வேணாம்னுதான் சொன்னாரு."

என் தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. அத்தையின் கால் வெடிப்பும், வெள்ளைப் பாத்தியின் கூச்சத்தில் மங்கிய கண்ணும் என் காலேஜ் ஃபீஸாக மாறவில்லை. அவை உப்போடு போயின. லாபம் யாருக்குப் போனதோ அவர்களிடம் போயின. எனக்கு வந்தது வேறு. அப்பா இறந்த வருடம், வீட்டில் சண்டை போட்டு, ஒரு பெண் யோசித்து எடுத்த முடிவு அது. கொடுக்காமல் இருக்க முடிந்தவர் கொடுத்தார். சிப்பி கொடுப்பதில்லை, அதனிடமிருந்து எடுக்கிறோம். இரண்டையும் ஒன்றாக்கிய நான், அத்தை செய்த ஒரே பெரிய காரியத்தை அவரிடமிருந்து பிடுங்கி, ஏதோ உடம்பில் தானாக ஊறிய திரவம் மாதிரி ஆக்கிவிட்டேன். அவரது கூலி ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்ற கேள்வி அந்தக் கைதட்டலில் யாருக்கும் வரவில்லை, எனக்கும்தான்.

இந்த வருட விழாவிலும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அந்த அத்தை கதை மாதிரியே ஒண்ணு" என்று கேட்டார்கள். அத்தைக்கு ஃபோன் போட்டு, உன்னைப் பற்றிப் பேசலாமா என்றேன்.

"பேசு. சிப்பி கிப்பின்னு சொல்லாத. கூலி எவ்ளோன்னு சொல்லு."

முதல் வருடம் எவ்வளவு, நான் காலேஜ் சேர்ந்த வருடம் எவ்வளவு, மழை மாதங்களில் வேலையில்லாமல் எவ்வளவு கடன் வாங்கினார் என்று ஒவ்வொன்றாக நினைவிலிருந்து சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.