கட்-ஆஃபும் கல்விக் கட்டணமும்

கல்லூரி இடங்கள் விண்ணப்பங்களைவிடக் குறையும்போது எவரைச் சேர்ப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் வழக்கமான விடை ‘கட்-ஆஃப்’ மதிப்பெண்தான். அதைத் தொட்டவர் தகுதியுடையவர், தொடாதவர் தகுதியற்றவர் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வேரூன்றிவிட்டது. உண்மையில் கட்-ஆஃப் என்பது கடைசி இடம் பெற்றவரின் மதிப்பெண்ணே. இடங்கள் கூடினால் அது இறங்கும், எனவே மாணவரின் அறிவைக் காட்டிலும் இடங்களின் எண்ணிக்கையையே அது அதிகம் அளக்கிறது.

அந்த எண்ணிக்கையை எது முடிவு செய்கிறது என்பது திருச்சிராப்பள்ளியில் வெளிப்படையாகத் தெரிகிறது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியும், 1923இல் தோன்றிய ஹோலி கிராஸ் கல்லூரியும், 1951இல் எழுந்த ஜமால் முகமது கல்லூரியும் நகரின் பாலக்கரைப் பகுதியிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே இருப்பதால், கட்டடம் இல்லை என்று இங்கு எவரும் சொல்ல இயலாது. இத்தகைய கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கும் உதவிபெறும் பிரிவும், மாணவர் கட்டணத்திலிருந்தே ஊதியம் தரப்படும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இரண்டிலும் படித்தவருக்குப் பட்டம் வழங்குவது பாரதிதாசன் பல்கலைக்கழகமே. ஆகவே பற்றாக்குறை வகுப்பறையில் இல்லை. ஆசிரியருக்கு ஊதியம் தருவது யார் என்ற முடிவில் இருக்கிறது.

சுயநிதிப் பிரிவுகள் பெருகியதால்தான் பலருக்குக் கல்லூரி எட்டியது என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் உதவிபெறும் இடத்தை ஓரிரு மதிப்பெண்ணில் இழப்பவர் அதே பாடத்தைக் கூடுதல் கட்டணத்தில் படிக்க நேர்கிறது. அந்த மதிப்பெண்ணைத் தனிப்பயிற்சிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையே இழக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், கொடுக்க இயலாதவரிடமே கூடுதலாகக் கேட்கும் விந்தை நிகழ்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டமும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கே உரியது. கலை, அறிவியல் படிப்புகளை அது தொடவில்லை.

ஓரிரு மதிப்பெண்ணுக்கு இத்தனை எடை தராத வழியும் உண்டு. நெதர்லாந்தில் மருத்துவ இடங்கள் பல பத்தாண்டுகளாக, மதிப்பெண் உயர்ந்தவருக்குக் கூடுதல் வாய்ப்பளிக்கும் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. ஒரு மதிப்பெண் வேறுபாடு அறவேறுபாடு ஆகாது என்ற ஒப்புதல் அதில் இருந்தது. இங்குள்ள பெற்றோர் குலுக்கலை ஏற்பார்களா என்பது வேறு செய்தி.

உதவிபெறும் இடங்களைக் கூட்டலாமே என்றால், பொதுப்பணம் குறைவு, அதில் தொடக்கப் பள்ளிக்கே முதல் உரிமை என்ற எதிர்வாதம் வலுவானதே. எனினும் அது புதிதாகப் பணம் கேட்பதற்குத்தான் தடை. இருக்கும் உதவியை உதவிபெறும் பிரிவோடு கட்டிவைக்காமல் மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்குவதற்கு அது தடையாகாது.