தலைமாட்டில் ஓர் அப்பம்



இன்றைய முதல் வாசகத்தில் எலியா சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கெஞ்சுகிறார். எப்பேர்ப்பட்ட ஆள்! கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பு இறங்க மன்றாடியவர். ஊரே முகங்குப்புற விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

அப்படிச் சோர்ந்துபோனவர்களைக் கொரோனா காலத்தில் நாமும் பார்த்தோம். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாமும் மஞ்சக்குப்பத்தில் மருத்துவர்களுக்காகத் தட்டைத் தட்டினோம். மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களிடையே தொற்று பரவி, நம் மாவட்டமே கலங்கியது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேறொரு பாரமும் இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது ஆண்டுக் கட்டணம் 13,610 ரூபாய். இவர்களுக்கு 5 லட்சத்துக்கு மேல். அந்த டிசம்பரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், 50 நாளைத் தாண்டியது. 2021 ஜனவரிக் கடைசியில்தான் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. மூச்சு விடுவதற்குள் இரண்டாம் அலை. மே 3 அன்று முதுநிலை நீட் தேர்வைத் தள்ளிவைத்த மத்திய அரசு, பயிற்சி மருத்துவர்களைக் கொரோனா பணிக்குக் கூப்பிட்டது. எல்லாம் 22, 23 வயதுப் பிள்ளைகள்.

அப்போது ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு பையன் கோயில் வாசலில் என்னிடம் பேசினான். (பாவசங்கீர்த்தனத்தில் அல்ல. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.) கவச உடைக்குள் ஆறு மணி நேரம். பாத்ரூம் போக முடியாதென்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். ஒருநாள், சாகக் கிடந்த பெரியவர் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து, வீடியோ காலில் அவர் மகளைக் காட்டினான். அவர் போய்விட்டார். அது தெரியாமல் மகள் பேசிக்கொண்டே இருந்தாள். "போனை எப்ப கீழ இறக்குறதுன்னு தெரியல ஃபாதர்" என்றான். அந்த வீடியோ காலின் ரிங்டோன் எங்கே கேட்டாலும் இன்றும் கை நடுங்குகிறதாம்.

"டாக்டருக்கே இப்படியா?" என்றார்கள் உறவுக்காரர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா செபம் பண்ணு, சரியாயிடும்." அதற்குப் பிறகு அவன் சில மாதம் பூசைக்கே வரவில்லை.

வானதூதர் எலியாவுக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தொட்டு எழுப்பினார். தணலில் சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துத் தூங்கிவிட்டார்! தூதர் கோபித்துக்கொள்ளாமல் இரண்டாம் முறையும் வந்தார். ஆண்டவர் கேள்வி கேட்டது, நாற்பது நாள் கழித்து ஓரேபு மலையில்தான்.

நம்மில் சோர்ந்து கிடப்பவர்களுக்கு, 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும். காசு வேண்டாம். அங்கே பேசுவதை விசுவாசக் குறைவு என்று இந்தப் பங்கில் யாரும், நான் உட்பட, சொல்லக் கூடாது.

அந்தப் பையனின் அம்மா இப்போது அவனை எதுவும் கேட்பதில்லை. இரவுச் சாப்பாட்டைத் தட்டு போட்டு மூடி, அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்கிறார். விடியற்காலையில் எழுந்ததும் முதலில் அந்தத் தட்டைத்தான் தூக்கிப் பார்ப்பாராம்.